கேட்டு எழுதிய தாள்கள்

(திருப்பருத்திக்குன்றத்தில் நெசவாளர்கள், மாணவர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இங்கிருந்து தெற்கே போய்ப் பாலாற்றைத் தாண்டி வந்தவாசிச் சாலையைப் பிடித்தால் மாமண்டூர் வரும், தூசி வரும். உங்களில் பலருக்கு அந்தப் பக்கம் கொள்வினை கொடுப்பினை உண்டு. மாமண்டூர் என்றதும் மகேந்திரவர்மன் காலத்துக் குகைக் கோயில்கள் நினைவுக்கு வரும். தூசி என்றதும் ஏரி நிரம்பிற்றா என்ற கேள்வி வரும். அந்தத் தூசிக்கு இன்னொரு பெருமை உண்டு, அது ஊருக்குள்ளேயே அதிகம் பேர் அறியாதது. இந்தியாவில் கிராமத்துப் பொருளாதாரத்தை நேரில் கேட்டறிந்து எழுதும் முறை தொடங்கிய காலத்திலேயே ஆராயப்பட்ட ஊர்களில் அதுவும் ஒன்று.

1915 டிசம்பரில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அதற்கு முன்பு ஆக்ஸ்போர்டில், தொழிலாளர்கள் படிப்பதற்கென்றே ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தில் ஊர்ப்பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டபோது குடியானவர்கள் என்ன ஆனார்கள் என்று ஆராய்ந்து 1907இல் நூல் எழுதியவர். அப்படிப்பட்டவர், சென்னையில் இருந்துகொண்டு இலண்டன் புத்தகங்களை வைத்து இந்தியப் பொருளாதாரம் நடத்த விரும்பவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களின் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து அனுப்பினார். உன் ஊரில் நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி நெல்லாகவா காசாகவா, கடன் எவ்வளவு, யார் பிழைக்க வெளியூர் போனார்கள், என்ன கைத்தொழில் நடக்கிறது என்று கேட்டு எழுதி வா என்றார்.

அப்படி வந்தவற்றைத் தொகுத்து 1918இல் ‘சில தென்னிந்திய கிராமங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் வெளிவந்தது. இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சி, தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, அன்று வடார்க்காட்டில் இருந்த தூசி. இந்த ஐந்து தமிழ் ஊர்களும் இன்றுவரை ஆய்வாளர்கள் நடுவே ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’ என்றே வழங்குகின்றன.

பிறகு நடந்ததுதான் வியப்பு. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மாணவர்களை அனுப்பி மறுபடி கேட்க வைத்து 1940இல் நூலாக்கினார்கள். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980களில் அடையாறு வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்தார்கள். அவர்களில் எஸ். குகன் மாநில அரசின் நிதிச் செயலராக இருந்தவர். கோட்டையில் கோப்பு பார்த்தவர், அதைவிட்டு ஊர் ஊராகப் போய்ப் படியாளிடமும் குத்தகைக்காரரிடமும் உட்கார்ந்து கேட்டார். இருவேல்பட்டைப் பற்றி ஜோன் மென்சரோடு சேர்ந்து 1983இல் எழுதினார். தூசியைப் பற்றி கே. பரதனோடு சேர்ந்து 1984இல் எழுதினார். இருவேல்பட்டுக்கு 2008இல் இன்னொரு குழு போய் வந்தது. ஒரே ஊரை ஏறத்தாழ நூறாண்டுக்குத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பக் கேட்ட ஆய்வு, உலகத்தில் எங்கே இருந்தாலும் அபூர்வம்.

இதில் என் மனத்தில் உறுத்துவது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இந்த நூல்களெல்லாம் நூலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். ஆனால் நூலில் இருப்பது ஆய்வாளர் முடித்து வைத்த முடிவு. அதற்கு முன்னால் ஒரு தாள் இருந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில், ஒரு களத்துமேட்டில், ஒருவர் சொல்ல ஒருவர் எழுதிய தாள். உழைத்தவர் பேசியது அந்தத் தாளில்தான் இருக்கும். நூல் ஆகும்போது அவர் பேச்சு எண்ணாக மாறுகிறது, எண் சராசரியாக மாறுகிறது, சராசரி ஒரு வாக்கியமாக மாறுகிறது. அந்த வாக்கியத்தைத்தான் நாம் காலகாலத்துக்கும் மேற்கோள் காட்டுகிறோம். தாள் எங்கே என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்கிறேன்.

இதைப் பழம்பொருள் ஆசையால் சொல்லவில்லை. தாளுக்குத் திரும்பிப் போனால் முடிவே மாறும் என்பதற்கு உறுதியான சான்று இருக்கிறது.

இங்கிலாந்தில் லூட்டன் என்று ஒரு தொழில் நகரம். வாக்ஸ்ஹால் கார்த் தொழிற்சாலை இருந்த ஊர். 1960களின் தொடக்கத்தில் ஜான் கோல்டுதார்ப்பும் அவரோடு சேர்ந்த சமூகவியலாளர்களும் அங்கே போனார்கள். நல்ல கூலி வாங்கும் தொழிலாளி, சொந்த வீடும் காரும் வந்த பிறகு தன்னை நடுத்தர வர்க்கமாக நினைக்கிறானா என்பது அவர்கள் கேள்வி. தொழிலாளர்களையும் அவர்கள் மனைவியரையும் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கேட்டார்கள். 1968, 69இல் நூல்கள் வெளிவந்தன. பலரும் வர்க்கத்தைப் பற்றிப் பேசும்போது பணத்தைத்தான் அளவுகோலாகச் சொன்னார்கள் என்பது அதில் கண்ட முடிவுகளில் ஒன்று. பணமே எல்லாம் என்ற கண்ணோட்டம் வந்துவிட்டது, பழைய வர்க்க உணர்வு தளர்ந்துவிட்டது என்று உலகம் அதைப் படித்துக்கொண்டது.

அந்தக் கேள்வித்தாள்களை யாரும் கிழித்துப் போடவில்லை. அவை எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நாற்பது ஆண்டு கழித்து மைக் சேவேஜ் என்ற சமூகவியலாளர் அவற்றை எடுத்து, ஓரத்தில் கையால் எழுதியிருந்த பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தார். 2005இல் தன் கட்டுரையை வெளியிட்டார். அந்தத் தொழிலாளர்கள் ‘பணம்’ என்று சொன்னபோது வெறும் சம்பளத்தைச் சொல்லவில்லை, பிறப்பாலேயே செல்வமும் அதிகாரமும் வாய்த்தவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்டத்தான் அப்படிச் சொன்னார்கள், நாங்கள் உழைத்துச் சாப்பிடும் சாதாரண மனிதர்கள் என்பதில் அவர்களுக்குப் பெருமை இருந்தது என்று காட்டினார். பதில் அதே பதில். பேசியவரும் அதே ஆள். தாள் மட்டும் இல்லாமல் போயிருந்தால், முதலில் எழுதிய முடிவே கடைசிவரை நின்றிருக்கும்.

தாளைக் காத்த இன்னொரு கதையும் உண்டு. சார்லஸ் பூத் என்ற கப்பல் வணிகர் தன் சொந்தச் செலவில் இலண்டன் மக்களின் வாழ்வையும் தொழிலையும் 1886 முதல் பதினேழு ஆண்டு ஆராய்ந்தார். பல தொகுதிகள் அச்சானது ஒரு பக்கம். அவரும் அவர் ஆட்களும் எழுதிய நோட்டுகள் 450 அளவில் இலண்டன் பொருளியல் பள்ளியின் நூலகத்தில் இருக்கின்றன. இன்று கணினியில் யாரும் புரட்டிப் பார்க்கலாம். தன் கொள்ளுப்பாட்டன் தெருவைப் பற்றி அன்று என்ன எழுதினார்கள் என்று அந்த ஊர்க்காரர் வீட்டில் உட்கார்ந்தே படிக்கிறார். நம் தெருவுக்கு அப்படி ஒரு நோட்டு உண்டா?

தாள் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டுக் கதையே இருக்கிறது. சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸ் 1948இல் மைசூர்ச் சீமையில் ஒரு கிராமத்தில் தங்கிக் குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புகளைப் பல ஆண்டு உழைத்துப் பகுத்து அடுக்கி, மூன்று படிகள் வைத்திருந்தார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவற்றை வைத்து எழுதிக்கொண்டிருந்தபோது, 1970 ஏப்ரல் 24 அன்று யாரோ அந்தக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று படிகளும் எரிந்தன. நினைவிலிருந்தே எழுது என்று நண்பர்கள் தேற்றியதால் எழுதினார், 1976இல் ‘நினைவில் நின்ற கிராமம்’ என்று சொல்லத்தக்க அந்தப் புகழ்பெற்ற நூல் வந்தது. அருமையான நூல்தான். ஆனாலும் மூன்று படிகளையும் ஒரே அறையில் வைத்தது எப்பேர்ப்பட்ட ஆபத்து என்பதை ஆவணம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, காஞ்சிக்கு வருவோம்.

காஞ்சி நெசவாளரை யாரும் ஆராயவில்லை என்று சொல்ல முடியாது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையொட்டிக் கைத்தொழில்களுக்கென்று தனித்தனி நூல்கள் வந்தபோது காஞ்சிப் பட்டு நெசவுக்கும் ஒன்று வந்தது. யவோன் ஆர்டர்பர்ன் என்ற அம்மையார் காஞ்சியின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களை ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் எழுதினார். மேட்டிசன் மைன்ஸ் கைக்கோளர் சமூகத்தின் நெசவையும் வணிகத்தையும் பற்றி 1984இல் எழுதினார். பட்டுத்தறியில் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கையிலும் காஞ்சி இருக்கிறது. அதைப் படித்தால் நமக்கு வலிக்கும். வலித்தாலும் படிக்க வேண்டியது.

இந்த நூல்களிலெல்லாம் நம் பாட்டன்மார், பாட்டிமார், இங்கே உட்கார்ந்திருக்கும் சிலரின் சின்ன வயதுப் பேச்சு உள்ளே அடங்கிக் கிடக்கிறது. எழுதப்பட்ட மொழி ஆங்கிலம். பேசியவர் வீட்டில் அதன் ஒரு படி இல்லை.

ஸ்லேட்டரிடம் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கேள்வித்தாளை எடுத்துப் போனவர்கள் 1916இல் கல்லூரியில் படித்தவர்கள். பெரும்பாலும் நிலமுள்ள, மேல்தட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள். படியாளைப் பற்றிப் படியாளை வைத்திருந்தவர் வீட்டுப் பிள்ளை எழுதினார். இருவேல்பட்டில் கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கிய ஒருவர் அந்தக் கடனுக்கு ஈடாக மிராசுதாரிடம் படியாளாக ஆவதும், கடன் அடையாமல் கட்டு தொடர்வதும் அந்த நூலில் பதிவாகியிருக்கின்றன. அது பெரிய காரியம். ஆனால் அந்தப் படியாளின் மனைவி என்ன சொன்னார்? அந்தக் கேள்வியோடு அவர் குடிசைக்குப் போக அந்தக் காலத்து மாணவருக்கு வழியில்லை, மனமும் இருந்திருக்காது.

இப்போது நம் தறிக்குழியைப் பாருங்கள். மாஸ்டர் வீவரிடம் முன்பணம் வாங்குகிறோம். கல்யாணத்துக்கு, மருத்துவத்துக்கு, வீட்டு வாடகைக்கு. முன்பணம் அடையும்வரை வேறு இடத்தில் தறி போட முடியாது. சேலை கொடுக்கும்போது பிடித்தம். மறுபடி முடை வந்தால் மறுபடி முன்பணம். 1916இல் இருவேல்பட்டில் எழுதியதையும், 2003 அறிக்கையில் காஞ்சிக் குழந்தைகளின் பெயரில் பெற்றோர் வாங்கிய முன்பணத்தைப் பற்றி எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, நெல்லும் பட்டும் வேறு, கட்டு ஒன்றுதான் என்று புரிகிறது. நடுவில் 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தபோது நம் தெருவில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதை எந்த நூலும் முழுதாகச் சொல்லாது. அது உங்கள் சிட்டையில் இருக்கிறது.

அந்தச் சிட்டையைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். நெசவாளி கையில் இருக்கும் கணக்கு நோட்டைத்தான் சொல்கிறேன். அட்டை எண்ணெய்ப் பிசுக்கேறி, ஓரம் சுருண்டிருக்கும். முதலில் பாவு கொடுத்த தேதி. பாவின் எடை, ஊடைப் பட்டின் எடை, ஜரிகை எத்தனை மார்க். ஒரு பாவுக்கு மூன்று சேலை என்றால் மூன்று வரி. சேலை கொடுத்த தேதி, சேலையின் எடை, கூலி, முன்பணத்தில் பிடித்தது, கையில் கொடுத்தது, பாக்கி. எடை குறைந்தால் அதற்கும் ஒரு பிடித்தம். இரண்டாவது சேலைக்கும் மூன்றாவது சேலைக்கும் நடுவே தேதி நீண்டிருந்தால் அங்கே ஒரு நோய் இருக்கிறது, ஒரு சாவு இருக்கிறது, அல்லது தறிக்குழியில் தண்ணீர் ஊறிய ஐப்பசி மழை இருக்கிறது. முன்பணப் பத்தியில் ஒரே நாளில் பெருந்தொகை ஏறினால் அங்கே ஒரு பெண்ணின் கல்யாணம் இருக்கிறது. கோர்வைச் சேலையிலிருந்து சாதாச் சேலைக்கு மாறியிருந்தால், கூட உட்கார்ந்து கரை நாடா தள்ளிய ஆள் போய்விட்டார் என்று பொருள். பள்ளிக்கூடம் போய்விட்டால் நல்லது. வேறு எங்கே போனார் என்றும் கேட்க வேண்டும்.

இப்படிப்பட்ட நோட்டு நூறு ஒன்றாகச் சேர்ந்தால், எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லாத காஞ்சி வரலாறு அதில் கிடைக்கும். அதை நாம் ஆயுத பூஜைக்கு வீடு சுத்தம் செய்யும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுகிறோம். கூட்டுறவுச் சங்கங்களிலும் பழைய பதிவேடுகள் கட்டுக்கட்டாகக் கரையான் அரித்துக் கிடக்கும், தணிக்கை முடிந்தால் கேட்பாரில்லை. பட்டுச்சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு வாங்கினோம். அந்தச் சேலையை நெய்தவர் கணக்கைக் காப்பாற்ற ஒரு பீரோ வாங்கவில்லை.

இந்த ஊருக்கு இதில் தனி உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இங்கே திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டியது. விதானத்தில் ரிஷபதேவர் வரலாறும் வர்த்தமானர் வரலாறும் கண்ணன் கதையும் வரிசை வரிசையாகத் தீட்டியிருக்கும். வரைந்தவர்கள் படத்தோடு நிற்கவில்லை, இது இன்ன காட்சி என்று கீழே எழுதியும் வைத்தார்கள். டி.என். ராமச்சந்திரன் அவற்றை ஆராய்ந்து சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக 1934இல் நூல் செய்தார். சாயம் உதிர்ந்த இடத்தில் என்ன இருந்தது என்று அறிய விரும்புகிறவர் அந்த நூலைத்தான் எடுக்கிறார். கோயில் விதானத்துக்குச் செய்ததை அதே ஊரின் தறிக்கும் செய்யலாம் அல்லவா?

செய்வதற்கு முன்மாதிரிகள் உண்டு. தொழிலாளர் ஆவணங்களுக்கென்றே நொய்டாவில் வி.வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்தில் ‘இந்தியத் தொழிலாளர் ஆவணக் காப்பகம்’ 1998 முதல் இருக்கிறது. கிரி வேறு யாருமல்ல, 1937இல் அமைந்த ராஜாஜி அமைச்சரவையில் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் அமைச்சராக இருந்தவர்தான். கோட்டையூர் முத்தையா வீட்டில் சேர்த்துவைத்த நூல்களும் துண்டறிக்கைகளும் அழைப்பிதழ்களும் அவர் மறைந்த பிறகு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக 1994இல் உருவாயின. ஒரு தனி மனிதர் குப்பை என்று ஒதுக்காமல் பாதுகாத்ததால் கிடைத்தது அது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் ஊர்ப்பஞ்சாயத்து ஓலைகளையும் காகிதங்களையும் வீடு வீடாகத் தேடிப் படமெடுத்தார்கள். மூலம் அந்தந்தக் குடும்பத்திடமே இருக்கட்டும், படம் பொதுவுக்கு வரட்டும் என்பது அதில் உள்ள வழி. நமக்கு ஏற்றது அந்த வழிதான். நோட்டைக் கொடுத்துவிடுங்கள் என்று நெசவாளியிடம் கேட்பது நியாயமில்லை.

ஒரு பயத்தையும் பேசியாக வேண்டும். சிட்டையில் கடன் இருக்கிறது. கடன்பட்டவர் பெயர் இருக்கிறது. கொடுத்தவர் பெயரும் இருக்கிறது, அவர் பேரன் இன்றும் அதே தெருவில் கடை வைத்திருக்கிறார். தஞ்சாவூர் கிராமங்களில் 1951 முதல் ஆராய்ந்த கேத்லீன் கஃப், தன் நூலில் கும்பப்பேட்டை என்று ஊருக்கு மாற்றுப்பெயர் வைத்துத்தான் எழுதினார். பேசியவருக்குத் தீங்கு வரக்கூடாது என்ற கவலை அது. அவருடைய தாள்கள் கனடாவில் வான்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஆகவே யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டு மூடிவைப்பது, பெயரை மறைப்பதா என்பதை நோட்டுக்கு உரியவர்தான் தீர்மானிக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. உழைப்பாளியின் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அவரையே தெருவில் தலைகுனிய வைத்தால் அந்தக் காப்பகம் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒன்று. நீங்கள் ஸ்லேட்டரின் மாணவர்களைப் போலக் கேள்வித்தாளோடு போகப்போகிறீர்கள். ஆனால் நீங்கள் நெசவாளர் வீட்டிலிருந்தே போகிறீர்கள், அந்த வசதி அவர்களுக்கு இல்லை. தறியில் உட்கார்ந்திருப்பவரை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். தார் சுற்றுகிறவரைக் கேளுங்கள், பாவு பிணைக்கிறவரைக் கேளுங்கள், சாயம் தோய்க்கிறவரைக் கேளுங்கள். என் தாயார் ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார். எந்தச் சிட்டையிலும் அவர் பெயர் ஏறவில்லை, கூலி அப்பாவின் கணக்கோடு கணக்காகப் போயிற்று. பதிலை அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். கேட்ட தேதியையும் கேட்டவர் பெயரையும் தாளின் தலையில் போடுங்கள். அவர்கள் பதில் சொல்ல மறுத்தால் மறுத்தார் என்று எழுதுங்கள், அதுவும் பதில்தான். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள். மூன்று படி எடுங்கள், மூன்றும் மூன்று இடத்தில் இருக்கட்டும்.

பழைய சிட்டை வீட்டில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கு எடுத்துவர வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். இருக்கிறது என்று மட்டும் இங்கே முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று அவர்கள் குறித்துக்கொள்வார்கள். அவர்கள் தேடி வரும்வரை மழை ஒழுகாத இடத்தில், தரையில் படாமல், வேப்பிலை போட்டு ஒரு துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டாதீர்கள், காகிதம் வேர்த்துவிடும்.